தண்ணீருக்குப் பன்னிரண்டடி

அன்பு மனைவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வீடியோவில் வராமல் கடிதம் எழுதுகிறேனே என்று யோசிக்காதே, போனில் கேமரா சரியில்லை. ஷார்ஜா திரும்பும் அடுத்த வீட்டு ஃபைசலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். என் தோளைப் பற்றி அவன் ஏதாவது சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. லேசான பிசகுதான்.

கைலி கட்டத்தான் இரண்டு கை வேண்டியிருக்கிறது. சுவரோடு இடுப்பை அழுத்தி, ஒரு கையால் சொருகிக்கொள்கிறேன். தெருவில் அவிழ்ந்துவிடுமோ என்று வாசலைத் தாண்டுவதில்லை. தொழுகையில் தக்பீருக்கு வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. ஆறு மாதம் துடுப்பைத் தொடக்கூடாது என்கிறார் டாக்டர்.

துடுப்பு என்று எழுதிவிட்டேன். கோடு போட்டு அடித்தாலும் நீ படித்துவிடுவாய்.

விற்றுவிட்டதாகச் சொன்னேனே, பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த அந்தப் படகை நான் விற்கவில்லை. எட்டு வருடமாக உக்கிரபாண்டி தோட்டத்து மோட்டார் ரூமில் கிடந்தது. இந்த மழையில்தான் நம் கண்மாய் நிறைந்தது. ஆள் கூப்பிட்டால் உன் காதுக்கு வந்துவிடும் என்று, அறுபத்தேழு வயதில் தனியாக இழுத்தேன். தோள் கழன்றது. படகு கரையிலேயே நின்றுவிட்டது; ஒருநாள்கூட மிதக்கவில்லை.

தினமும் உக்கிரபாண்டி ஜன்னலில் வந்து நிற்கிறான். "மடையத் தெறந்துட்டாக பாய். ஒங்க படகுக்கும் தண்ணிக்கும் இன்னைக்குப் பன்னெண்டடி" என்றான் காலையில். நேற்று பத்தடி.

பிள்ளை பெற்ற மகளுக்கு நாற்பது நாள் முடியாமல் கிளம்பிவிடாதே. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது இருபதடி ஆகியிருக்கும்.

உன் மகளின் அத்தா