பாமாயில் மெழுகு ஆறும் வரை

மைனி,

மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்டோபர் வெயிலின் வால் இன்னும் அறுபடாத இந்த மத்தியானத்தில், செம்பூரில், யாரும் கேட்காமலே விசிறியை அணைத்த மனிதன் உலக வரலாற்றிலேயே நான் ஒருவன்தான். பின்னால் எனக்குச் சிலை வைப்பார்கள். வியர்வை இறங்குகிற மாதிரியே செதுக்கவேண்டும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

காரணம், என் முன்னால் இருக்கிற இரண்டு பவுடர் டின்கள். மேல்பாகம் வெட்டி எடுக்கப்பட்டு, பழைய ரஜாய்ப் போர்வை போர்த்தி, காய்ச்சல்காரர்களைப் போல மேஜைமேல் உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே மெழுகு ஆறுகிறது. பாமாயில் மெழுகு காற்றுப் படாமல், அவசரப்படாமல் ஆறவேண்டுமாம். சூடு பட்டதும் டின்னின் தகரத்திலிருந்து, என்றைக்கோ தீர்ந்துபோன பவுடரின் மணம் எழுந்து வருகிறது. தாராவி வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில், மாலா என்று நாம் சொல்லும் அந்த மேல்தட்டிலிருந்து ஏணியில் நீங்கள் இறங்கும்போது, உங்களுக்கு நாலு படி முன்னால் இறங்கி வருமே, அதே மணம். அண்ணன் கீழே நின்று, "இறங்கியாச்சா, இல்ல பவுடர் மட்டும்தான் வந்திருக்கா?" என்று கேட்பார்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். நீங்கள் இல்லாமல் வருகிற முதல் கல்லறைத் திருநாள். இல்லாமல் என்று எழுதிவிட்டேன், ஆனால் நாங்கள் பார்க்கப் போவதே உங்களைத்தான். ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரத்தில் உங்களை மண்ணில் வைத்தோம். மதில் ஓரம், நல்ல இடம். மழைக்காலம் முழுக்க அதன்மேல் புல் முளைத்து, உங்களுக்குப் பிடித்த அந்தப் பச்சைச் சேலை மாதிரி கிடக்கிறது. அண்ணன் அங்கிருந்து நூறடி தள்ளி, சுவரில் இருக்கிறார்.

இந்த ஊரில் மண்ணுக்குள்ளும் வாடகைக் குடியிருப்புதான். சில வருடம் கழித்து எலும்பை எடுத்துச் சுவர் மாடத்தில் வைத்து, பெயர் பொறித்த பளிங்குச் சில்லால் மூடிவிடுகிறார்கள். மாடத்துக்குமேல் மாடம், வரிசைக்குப் பின் வரிசை. அண்ணனை அப்படி மாடத்துக்கு மாற்றிய அன்றைக்கு நான் சொன்னேன்: "மைனி, அண்ணனுக்குக் கடைசியிலே பில்டிங்ல வீடு கெடச்சிட்டு. மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது." நீங்கள் அழுதுகொண்டே சிரித்தீர்கள். பிறகு அந்தச் சில்லுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த விளிம்பை விரல் வைத்து அளந்தீர்கள். நாலு விரல் அகலம்.

"இதுல எப்படி தம்பி மெழுகுதிரி நிக்கும்?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கடை மெழுகுதிரி வேண்டாம் என்றீர்கள். அதில் கரி அடிக்கும். அலுமினியம் உருக்கும் பட்டறையில் முப்பது வருடம் புகை குடித்த மனிதர் அண்ணன். "உசிரோட இருக்கும்போது குடிச்ச பொகை போதாதா? அங்கயும் போயி மூஞ்சிக்கு நேரா பொகையப் போடணுமா?" என்றீர்கள். கல்யாணிலிருந்து உங்கள் மகள் ஸ்டெல்லா ஃபோனில் வழி சொன்னாள். வீட்டிலேயே செய்யலாம், எண்ணெய் வித்திலிருந்து எடுத்த மெழுகு கிடைக்கிறது, சோயா ஒன்று, பாமாயில் ஒன்று. சோயா மெதுவானது, கண்ணாடி கிளாசில் ஊற்றத்தான் லாயக்கு. பாமாயில் கெட்டி, தன் காலிலேயே நிற்கும்.

நீங்கள் அதைப் பாடமாகவே ஒப்பித்து என்னை மஸ்ஜித் பந்தர் சந்தைக்கு அனுப்பினீர்கள். "மறந்துராதீய. நிக்குத மெழுகுதிரிக்கு பாமாயில், கிளாஸ்ல ஊத்துததுக்கு சோயா. நமக்கு நிக்கணும்."

"மைனி, உங்கள் ஆணைக்காக மலேசியாவுக்கே நீந்திப்போய், மரத்தைப் பிழிந்து கொண்டுவருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனிமேல் எழுதுவது தெரியாது.

கடைக்காரர் சாக்கைத் தட்டிக் காட்டி, "பாம் கதம் ஹோ கயா. சோயா லே ஜாவ்" என்றார். பாமாயில் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம்தான் வரும், சோயாவை எடுத்துப் போ என்கிறார். அடுத்த வாரம் திருநாளே முடிந்துவிடும். இன்னும் நாலு கடை ஏறி இறங்கியிருக்கலாம். வெயில் என் மண்டையில் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தது. சாக்குக்குள் பார்த்தேன். வெள்ளைச் செதில்கள். பாமாயிலும் வெள்ளைச் செதில்தானாம். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றியது. வாங்கிக்கொண்டு, அங்கேயே ஒரு ஃபலூடாவும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

"பாமாயில்தானே?" என்று கேட்டீர்கள்.

"சாட்சாத் பாமாயில். நேத்துதான் கப்பல்ல இருந்து இறங்கியிருக்கு. தொட்டுப் பாருங்க, இன்னும் உப்புக்காத்து அடிக்குது" என்றேன்.

அந்தச் சாயங்காலம் எனக்கு இன்னும் கனவு மாதிரி இருக்கிறது. ஸ்டவ்மேல் தண்ணீர்ப் பாத்திரம், அதற்குள் மெழுகுப் பாத்திரம். மலைபோலக் குவிந்திருந்த செதில்கள் ஓரத்திலிருந்து கண்ணாடியாகிக்கொண்டே வந்தன. நடுவில் மட்டும் ஒரு வெள்ளைத் தீவு மிதந்தது. அது சுருங்கிச் சுருங்கி, காசளவாகி, இல்லாமலே போனது. கதவு வழியாக வந்த வெளிச்சம் பாத்திரத்தின் அடிவரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது. சந்தில் யாரோ குழாயடிக்குப் பக்கெட் இழுத்துப் போகிற சத்தம். நீங்கள் கரண்டியை எடுக்காமல், "அவுக பட்டறையிலயும் இப்படித்தான் இருக்குமாம். உருகினதுக்கப்புறம் அலுமினியம் நெலா மாதிரி கெடக்கும்னு சொல்லுவாக" என்றீர்கள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

காய்ந்த மெழுகுதிரி டின்னைவிட்டு வரமாட்டேன் என்றது. ஃபிரிட்ஜில் வைத்து, தட்டி, உருட்டி, ஸ்தோத்திரம் சொல்லி ஒருவழியாக வெளியே எடுத்தோம். நீங்கள் கட்டைவிரலால் அமுக்கினீர்கள். குழி விழுந்தது.

"என்ன தம்பி, மெத்துன்னு இருக்கு? கல்லு மாதிரி இருக்கும்னால்லா சொன்னா?"

"பொறந்த பிள்ள மைனி. எலும்பு இறுக நாலு நாள் ஆகும்."

நம்பினீர்கள். அதுதான் உங்களிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

திருநாளன்று பூசை முடிந்து, சுவர் முழுக்க மெழுகுதிரிகள். பகல் வெளிச்சத்தில் சுடர் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு திரிக்கும் மேலே காற்று மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. சுவரே தண்ணீருக்குள் இருப்பது போல இருந்தது. நீங்கள் நம்முடையதை விளிம்பில் வைத்து, பற்றவைத்து, பளிங்கில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பித்தீர்கள். சத்தமில்லை, உதடு மட்டும்தான். திரி எரிந்து தீரும்வரைக்கும் அவரோடு பேசுவது, தீர்ந்ததும் புறப்படுவது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள். அண்ணன் மண்ணில் இருந்த வருடங்களிலும் அப்படித்தான். நடுவில் நான் கூப்பிட்டால், "பேசிக்கிட்டிருக்கேன்லா" என்று அதட்டுவீர்கள். உலகத்திலேயே அண்ணன் ஒருவர்தான் செத்த பிறகும் வீட்டுக் கவலைகளை முழுதாகக் கேட்ட கணவர்.

பத்து நிமிடம் இருக்கும். வெயில் சுவருக்கு வந்தது. மெழுகுதிரி முதலில் லேசாகக் குனிந்தது. பிறகு இடுப்பை மடித்து அண்ணனுக்கு சலாம் போட்டது. பிறகு மொத்தமாக விளிம்பைத் தாண்டி வழிந்து, கீழ்மாடத்துப் பளிங்கில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாக மூடியது.

கீழ்மாடத்துக்காரர்களும் அப்போதுதான் வந்தார்கள். கோவாக்கார ஆன்ட்டி ஒருவர், கையில் சாமந்தி மாலை. "அரே பாபா! மேரா மம்மி கா நாம் கிதர் கயா?" என்று, தன் மம்மியின் பெயர் எங்கே போனதென்று கேட்டு அவர் போட்ட சத்தத்தில், அந்த மம்மியே எழுந்து வந்து பதில் சொல்லியிருப்பார். நீங்கள் முட்டிபோட்டு, கொண்டை ஊசியை எடுத்து, அந்தப் பெயரைச் சுரண்ட ஆரம்பித்தீர்கள். ஆங்கில எம் எழுத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக. நானும் சாவியால் சுரண்டினேன். மதியம் ஆகிவிட்டது. ஆன்ட்டியே மனம் இளகி, "பஸ் பஸ், ஹோ கயா பேட்டி" என்று, சுரண்டியது போதுமென உங்களைத் தூக்கிவிட்டார். நீங்கள் சுவரை நிமிர்ந்து பார்த்து, எனக்கும் கேட்கிற மாதிரி அண்ணனிடம் சொன்னீர்கள்: "மிச்சத்த அடுத்த வருசம் சொல்லுதேன்."

திரும்பி வரும்போது ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாம் என் ஆசைதான் தம்பி. பெரிசா பாமாயில்தான் வேணும்னு நின்னேன். பாவம், அதுக்காக நீங்க எங்கெல்லாமோ அலைஞ்சு வாங்கிட்டு வந்திய" என்றீர்கள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். கல்லறைத் தோட்டம் இருக்கிற சிவ்ரியிலிருந்து செம்பூர் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சொல்லியிருக்கலாம். ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் ஸ்டெல்லா மறுபடியும் பாமாயில் என்றபோது, "வேண்டாம்ட்டி. உங்க சித்தப்பா கப்பல் சரக்கா வாங்கிட்டு வந்துமே சாஞ்சிட்டு. சோயாவே போதும்" என்று முடித்துவிட்டீர்கள். சோயாவைக் கிளாசில் ஊற்றினீர்கள். அடி அகலமான கிளாஸ் அந்த நாலு விரல் விளிம்பில் நிற்காது. அதனால் சுவருக்குக் கீழே தரையில் வைத்து, நீங்களும் தரையில் உட்கார்ந்தீர்கள். மடங்காத முழங்காலை மடக்கி, பளிங்கில் ஊன்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றாவது மாடியைப் பார்த்துப் பேசினீர்கள். "மேல இருக்கியளே, கேக்குதா?" என்று ஒருமுறை கேட்டீர்கள். என் பொய் வெளியே வந்துவிடக் கூடாதே என்று பக்கத்தில் நின்று நான் சோயா மெழுகின் புகழ் பாடினேன். சோயாதான் சக்கரவர்த்தி, பாமாயில் அதன் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிற ஆள் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நாலு வருடம் தரையிலேயே உட்கார்ந்தீர்கள்.

இந்த வருடம் கடை கடையாக ஏறி, மூட்டையின் பெயரை இரண்டு கடைக்காரர்களைப் படிக்கச் சொல்லி, பாமாயில் மெழுகு வாங்கிவந்தேன். சற்று முன்னால் ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

"சித்தப்பா, சோயா போட்டாச்சா?"

"பாமாயில் போட்டிருக்கேன்மா. அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு."

"அரே, க்யூன், எதுக்கு? அம்மாதான் அது நமக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாள்லா. அம்மா சொன்னதுக்கு மாத்தி, அதுவும் மொத வருசமே செய்யணுமா? சோயாவே ஊத்துங்க. நான் வரும்போது கிளாஸ் கொண்டாரேன்."

என்னிடம் அந்த நேரத்தில் பதினேழு பொய்கள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றும் அரண்மனை மாதிரி. இது புது ரகம், அது பழைய ரகம். அம்மா கனவில் வந்து பாமாயில் கேட்டாள். எதையாவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். உங்கள் பெண்தானே. ஆனால் நாலு விரல் விளிம்பில் அந்த மெழுகுதிரியை வைக்க அவள் மனமார ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால், அது ஏன் சாய்ந்தது என்று தெரியவேண்டும். சொன்னேன். மஸ்ஜித் பந்தர், சாக்கு, ஃபலூடா, எல்லாம். ஃபலூடாவில் ஐஸ்கிரீம் போட்டிருந்ததைக்கூட விடவில்லை.

அந்தப் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது. கல்யாண் ஸ்டேஷனை ஒட்டித்தானே அவள் வீடு. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்.

"நாலு வருசம் அம்மா தரையில உக்காந்தா சித்தப்பா."

"ஆமாம்மா."

"ஒவ்வொரு தடவையும் நாந்தான் கையப் புடிச்சுத் தூக்கி விட்டேன்."

"ஆமாம்மா."

"சரி, பாமாயிலே கொண்டுவாங்க. அப்பாவுக்கு உள்ளத மேல வச்சிருவோம். அம்மாவுக்கு உள்ளத நீங்களே பத்த வையுங்க. இத நீங்கதான் அவகிட்ட சொல்லணும். நான் கொஞ்சம் தள்ளி நிக்கேன்." ஃபோனை வைத்துவிட்டாள். வழக்கமாக வைப்பதற்கு முன்னால் மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்பாள்.

இப்போது ரஜாயை விலக்கிப் பார்த்தேன். தட்டவில்லை, உருட்டவில்லை. டின்னைச் சாய்த்ததும் தானாகவே வழுக்கிக் கையில் இறங்கிவிட்டது. உடம்பு முழுக்கப் பூ விழுந்திருக்கிறது மைனி. மழைக்காலத்தில் நம் தாராவிச் சுவரில் உப்புப் பூக்குமே, அந்த மாதிரி, இறகு இறகாக. நீங்கள் பார்த்திருந்தால் இதைக் கொளுத்தவே விட்டிருக்கமாட்டீர்கள்.

உங்களிடம் சொல்லவேண்டியதை ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதியதை இப்போது வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அவ்வளவும் கால் மணி நேரம்கூட வரவில்லை. இந்த மெழுகுதிரி மூன்று மணி நேரம் எரியும்போல இருக்கிறது. மீதி நேரத்துக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. மூன்று மணி நேரம் என்ன, மூன்று யுகம் பேசுவேன் என்று மார்தட்டியவன்தான் நான். இருந்தாலும் நாளைக்கு நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகமாட்டேன். புல்மேல் உட்கார்ந்திருப்பேன். திரி தீரட்டும்.