லாக்கிலேயே நின்ற முன்சக்கரம்

ஸ்டியரிங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காத என் அன்பு யூசுப் மச்சானுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நம்ம ஜீப் நலம். மற்றபடி எல்லார் மேலும் எனக்குச் சந்தேகம். உன் மேலும்தான்.

நீ மவுத்தாகி, எங்களை விட்டுப் போய் ஏழு மாதம். காட்டுப்பாக்கத்தில் உன் வீட்டு வாசலில்தான் வண்டி கவர் போட்டு நிற்கிறது. மாதம் ஒரு ஞாயிறு மேனாம்பேட்டிலிருந்து போய், பேட்டரி பார்த்து, கிரீஸ் அடித்து, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த வண்டி எனக்கு வேண்டும். உயரமான ஸ்பிரிங் மாட்டியது, பெரிய டயருக்காக மட்கார்டை வெட்டியது, எல்லாவற்றுக்கும் அடியில் படுத்துக் கிடந்தவன் நான். உன் பெண்டாட்டி ஷாஹிதா விற்றால் முதலில் என்னைத்தான் கேட்பாள் என்று வாயைத் திறக்காமல் காத்திருந்தேன்.

போன ஞாயிறு ஓட்டினால் ஸ்டியரிங் கனமாக இருக்கிறது. இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரத்தின் நடுவில் கையால் திருகும் ஹப் இரண்டும் லாக்கில், முன்சக்கரமும் வண்டியை இழுக்கிற மாதிரி இருந்தன. சேற்றில் இறங்கும்போது லாக், தார் ரோடு வந்ததும் ஃப்ரீ. அதைத் திருப்பி வைக்காமல் நீ ஒருநாளாவது வீடு வந்திருக்கிறாயா? டயர் இடுக்கில் காய்ந்த சேறு வேறு.

வேறு யார்? டில்லிபாபுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷெட் வைத்திருக்கும் நம்ம மெக்கானிக். நீ கொடுத்த ஸ்பேர் சாவி அவனிடமே இருந்தது. "ஆவடியில ஒருத்தர் இந்த வண்டியக் கேட்டுகினே கீறாரு" என்று முந்தின வாரம்தான் சொல்லியிருந்தான். அந்த ஆளை, நாம் சேற்றில் வண்டி ஓட்டும் ஏரிக்குக் கூட்டிப்போய் ஓட்டிக் காட்டியிருக்கிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் ஷெட்டில் நாலு பேர் எதிரில் கேட்டும் விட்டேன்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இன்னா அண்ணாத்தே, என்னியா சந்தேகப்படுற? நான் ஓட்டியிருந்தா ஹப்ப லாக்ல உட்டுட்டு வருவனா? வேல தெரிஞ்சவன் பண்ற தப்பா இது?" சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான். பதினொரு வருஷப் பழக்கம், மச்சான்.

அவன் சொன்னது சரி என்று, அங்கிருந்து நேரே காட்டுப்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் உறைத்துவிட்டது. அப்படியானால் வண்டியை எடுத்தது யார்?

ஷாஹிதாவிடமே கேட்டேன். துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான்தாண்ணே" என்றாள்.

"நீயா?"

"ரெண்டு வருஷமா வியாழக்கிழமையில ஏரிக்குக் கூட்டிகினு போய் கத்துக் குடுத்தாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. அவரு போனப்புறம் இப்பத்தான் தைரியம் வந்து தனியா எடுத்தேன். போகும்போது அவரு ஹப்ப திருவறத பாத்திருக்கேன். வரும்போது அவரு ஓட்டுவாரு, நான் பசங்ககிட்ட ஃபோன் பேசிகினு இருப்பேன், கவனிக்கல. ஏண்ணே, மறுபடியும் மாத்தணுமா?"

வியாழக்கிழமை! அன்றைக்கு முழங்கால் வைத்தியம் என்றல்லவா என்னிடம் சொல்வாய்? ஏன் மறைத்தாய்? கேட்டால் சிரிப்பேன் என்றா? சிரித்திருப்பேன், அது வாஸ்தவம். இல்லை, எனக்கு ஒருநாளும் தராத ஸ்டியரிங்கை அவளுக்குத் தந்தது தெரிந்தால் கோபிப்பேன் என்றா? கோபமாகத்தான் இருக்கிறது. இன்னும் என்னென்ன மறைத்து வைத்திருக்கிறாய்?

கிளம்பும்போது, "வண்டிய விக்கப் போறதில்லண்ணே" என்றாள். நான் கேட்கவே இல்லை. மாதம் தவறாமல் இவன் எதற்கு வருகிறான் என்று அவளுக்கும் என்மேல் சந்தேகம் இருந்திருக்கிறது, பார். வெட்கமாகப் போய்விட்டது.

நாளைக்கு டில்லியிடம் போகிறேன். நாலு பேர் எதிரில்தான் கேட்டேன், நாலு பேர் எதிரிலேயே மன்னிப்பும் கேட்பேன். சாவி அவனிடமே இருக்கட்டும். வியாழக்கிழமைக்கு லீவு சொல்லியாயிற்று. ஏரிக்கு ஷாஹிதா ஓட்டுவாள். தார் ரோட்டுக்கு ஏறியதும் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, ஹப்பை அவள் கையாலேயே ஃப்ரீக்குத் திருப்ப வைப்பேன். மற்ற நேரம் இடது சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பழகின சீட்டுதானே, மச்சான்.

உன் மச்சான்,
ஷாஹிதாவுக்கு அண்ணன்,
வேலு