பாக்கெட் இல்லாதவர்களுக்கும் காது உண்டு

அன்பு மாறாத லூர்து அண்ணா,

நீங்கள் போயிருக்கும் இடத்தில் யாருக்கும் காது மெஷின் தேவைப்படாது என்று எங்கள் போதகர் சொல்கிறார். அப்படியானால் உங்களுக்கு அங்கே பொழுது எப்படிப் போகிறது? எனக்கு அதுதான் கவலை.

நான் நலம். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வழியனுப்பு விழாவில் பேசிய ஒவ்வொருவர் பேச்சும் எனக்குக் கேட்டது. கடைசி வரிசையில் ஓர் அம்மா, "காபி ஆறிப்போவுது, இவங்க முடிக்க மாட்டாங்க போலிருக்கே" என்று முணுமுணுத்ததும் கேட்டது. பாராட்டைவிட அந்த முணுமுணுப்பில்தான் எனக்குச் சந்தோஷம். அது நீங்கள் தந்தது.

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகைக்குக் கேட்டிருக்கிறார்கள். உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சிலவற்றை முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், டீச்சர் புத்தி.

அறுபதுகளின் நடுவில் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது என் காதின் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிப்பேன். ஆனால் மூன்றாம் வகுப்பில் முன்பெஞ்சு மட்டுமா இருக்கிறது? ஒருநாள் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்து ஏதோ சொன்னாள். "சரியான விடை, உட்காரும்மா" என்றேன். மறுபடி எழுந்தாள். மறுபடியும் பாராட்டினேன். அவள் வெளியே போக அனுமதி கேட்டிருக்கிறாள் என்பது, தரை ஈரமான பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தலைமையாசிரியை நல்லவர். திட்டவில்லை. "எஸ்தர், லீவு முடிஞ்சு வந்ததும் நீங்க ஆபீஸ்ல ரெஜிஸ்டர் பாத்துக்கங்களேன். உங்களுக்கும் ஓய்வா இருக்கும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு என் வகுப்பே போகப்போகிறது என்று கேட்டது. இது மட்டும் சரியாகக் கேட்டது.

என் தம்பி மவுண்ட் ரோட்டுக்குப் போய் ஒரு காது மெஷின் வாங்கிவந்தான். சிகரெட் பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஓர் ஒயர், நுனியில் காதில் செருகும் குமிழ். பெட்டியின் பின்னால், சட்டைப் பையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். எனக்கு ஏது சட்டைப் பை? ரவிக்கைக்குள் வைத்து, மேலே முந்தானையைப் போர்த்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். உடம்பை அசைத்தால் காதுக்குள் தீப்பிடித்த மாதிரி ஒரு சடசடப்பு. பிள்ளைகளின் குரல் அதற்கு அடியில் எங்கேயோ கிடந்தது.

அப்படித்தான் தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்த உங்கள் ரேடியோ ரிப்பேர் கடைக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் அடக்கமான மனிதர் இல்லை அண்ணா, இப்போது சொன்னால் கோபிக்க மாட்டீர்கள்தானே? "இந்த ஏரியாவுல நான் தொட்டுப் பேசாத பொட்டியே கிடையாது" என்று சொல்லிக்கொண்டே திறந்தீர்கள். மேசையில் வைத்து, குமிழை உங்கள் காதில் செருகி, பெட்டிக்கு நேரே விரலைச் சொடுக்கினீர்கள்.

"சும்மா கணீர்னு கீது டீச்சரம்மா. உங்களுக்கு மட்டும் இன்னா பேஜாரு?"

எடுத்துப்போனேன். மறுபடி சடசட. திருப்பிக் கொண்டுவந்தேன். ஒயரை மாற்றினீர்கள். மறுபடி சடசட. பேட்டரியை மாற்றினீர்கள். கடைசியில் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் மேசையில் நன்றாகப் பேசும் மெஷின் என்னிடம் மட்டும் சடசடக்கிறது என்றால், கோளாறு என்னிடம்தானே இருக்க வேண்டும்?

அன்றைக்குக் கடையில் செசிலி அண்ணி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், பொட்டியைத் தொறந்து தொறந்து பாத்துகினு கீறியே, அதைப் போட்டுகினு கீற மனுஷியை ஒருதபா பாத்தியா?"

"பொம்பளைங்க சமாச்சாரம்டி, நான் எங்க பாக்கறது?"

"தா, நான் பாக்கறேன். நீ காதை மட்டும் குடு."

பெட்டியை என் முந்தானைக்கு அடியில் அண்ணி பிடித்துக்கொண்டார். குமிழ் உங்கள் காதில். ஒயர் நீளம் போதாமல் நீங்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் கழுத்தைக் கோணிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. "இப்ப திரும்புங்க டீச்சர்" என்றார் அண்ணி. திரும்பினேன். நீங்கள் துள்ளிக் குதித்தீர்கள்.

"ஐயோ மாதாவே! அப்பளத்தை நொறுக்கிக் காதுல போட்ட மாதிரி கீது!"

கஞ்சிதான். நான் கட்டியிருந்த கஞ்சி போட்ட பருத்திச் சேலை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கஞ்சி போடாத சேலையோடு ஒரு டீச்சரைப் பார்க்க முடியாது. வடித்த கஞ்சியில் தோய்த்து, காயவைத்து, தண்ணீர் தெளித்துச் சுருட்டி, இஸ்திரி போட்டு எடுத்தால் மடிப்பு கத்திபோல நிற்கும். அந்த மடிப்பு பெட்டியின்மேல் உரசியதைத்தான் நான் அத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இதையா காதுல வச்சிகினு பாடம் நடத்துனீங்க?" என்று கேட்டீர்கள். பிறகு கை தட்டி, "அவ்ளோதான் மேட்டரு! கஞ்சியை வுட்டுடுங்க. இல்லாட்டி நைலக்ஸ் சேலை கட்டுங்க. வேலை முடிஞ்சிது" என்றீர்கள்.

சேலை பெரிய விஷயமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். காது போனது. வகுப்பு போகப்போகிறது. இனி, காலையில் கண்ணாடி முன் நிற்கும்போது 'நான் டீச்சர்' என்று எனக்கே சொல்லும் அந்த மொடமொடப்பும் போக வேண்டுமா? இதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கடைப்படி இறங்கும்போது நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"டீச்சரம்மா, உக்காருங்க. நான் சொன்னது ராங்கு. காது கேக்கலன்னு வந்தவங்களை சேலையை மாத்துன்றேன். நாளிக்கு தலையை மாத்துன்னுவேனா? இத்தச் செஞ்சவனுங்க சட்டை போட்ட ஆம்பளையை மட்டும் பாத்து செஞ்சிருக்கானுங்க. பாக்கெட் இல்லாதவங்களுக்கும் காது கீதுன்னு அவனுங்களுக்கு யாரும் சொல்லல."

பிறகு ஒரு கேள்வி கேட்டீர்கள். டாக்டர் கேட்காத கேள்வி, கடைக்காரர் கேட்காத கேள்வி, தம்பிகூடக் கேட்காத கேள்வி.

"உங்களுக்கு யார் குரலு கேக்கணும்?"

அதுவரை எல்லோரும் எவ்வளவு கேட்கிறது என்றுதான் கேட்டார்கள். நான் யோசிக்காமல் சொன்னேன்: "கடைசி பெஞ்சு."

பெட்டிக்குள் இருந்த மைக்கை வெளியே எடுத்து ஒயரில் நீட்டினீர்கள். முதலில் அது வண்டு புகுந்த மாதிரி ரீங்காரமிட்டது. உங்கள் பெருமை ஒரு வாரம் படுத்துக் கிடந்தது. மேலே கம்பிவலை சுற்றிய ஒயர் கிடைத்ததும் ரீங்காரம் நின்றது. முந்தானை மடிப்புக்கு ஊக்கு குத்தும் தோள் இடத்தில், துணிக்கு மேலே, மைக்கை மாட்டலாம் என்றார் அண்ணி. பெட்டிக்கு இடுப்பில் செருக ஒரு துணிப்பையும் தைத்துத் தந்தார்.

மாட்டுவதற்கு முன் நீங்கள் தயங்கினீர்கள். "வெளிய தெரியும் டீச்சர். பசங்க பாப்பாங்க. உங்க இஷ்டம், வேணான்னா வேற வழி பாக்கலாம்."

"மறைச்சு வெச்சுதானே அண்ணா கேக்காமப் போச்சு. தெரியட்டும்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை அண்ணியோடு காலி வகுப்பறைக்கு வந்தீர்கள். மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க, அந்தப் பெரிய உடம்பை மடக்கி உட்கார்ந்தீர்கள். கையைத் தூக்கி, "டீச்சர்! ஒண்ணுக்கு!" என்று கத்தினீர்கள். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். நான் கரும்பலகையில் எழுதத் திரும்பினேன். கஞ்சி போட்ட முந்தானை அசைந்தது. காதில் சடசடப்பு இல்லை. முதுகுக்குப் பின்னால், எனக்குக் கேட்காது என்று நினைத்து நீங்கள் அண்ணியிடம் மெதுவாகச் சொன்னீர்கள்:

"பாவம்டி இந்தப் பசங்க. இனிமே இந்தம்மா கிளாஸ்ல ஒரு வார்த்தை கிசுகிசுக்க முடியாது."

"ஒரு பாவமும் இல்லை. எழுந்து நில்லுங்கள், பேசினது யார்?" என்றேன், திரும்பாமலே.

நீங்கள் எழுந்து நின்றீர்கள் அண்ணா. நிஜமாகவே எழுந்து நின்றீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மொடமொட டீச்சர் வந்துட்டாங்கோ" என்று அண்ணியிடம் சொன்னீர்கள். அதோடு போதும் என்று விட்டீர்களா? "உங்க சபையில பிரசங்கம் நீளமாச்சுன்னா பட்டனை அமுக்கிடுங்க, எங்களுக்கு அந்த வசதி இல்ல" என்று கேலி வேறு.

ஜூனில் ரெஜிஸ்டரை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்பு என்னுடையதாகவே இருந்தது, ஓய்வு பெறும் நாள் வரை.

அந்தக் கேள்வியை அதன் பிறகு நீங்கள் விடவே இல்லை. பம்மல் தோல் ஷெட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவரை அவர் வீட்டார் இழுத்து வந்தார்களே, நினைவிருக்கிறதா? வீட்டார் எல்லோரும் மெஷின் வாங்கியே தீருவது என்று நின்றார்கள். நீங்கள் அவர் காதருகே குனிந்து, "உனக்கு யார் குரலு கேக்கணும் நைனா?" என்று கத்தினீர்கள். அவர் பொறுமையாகச் சொன்னார்: "எவன் குரலும் வாணாம்ப்பா. ஷெட்டு சத்தம் அடங்கி இப்பத்தான் நிம்மதியா கீறேன்." நீங்கள் விற்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டீர்கள். "காது அவருது, நம்முது இல்ல" என்றீர்கள்.

இப்போதைய சேதிக்கு வருகிறேன். நம் தெருவில் ஒரு வீட்டுக்கு டெலிவிஷன் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பாட்டுக்குத் தெருவே அங்கேதான். கடையை அண்ணியும் அவர் தம்பியும் நடத்துகிறார்கள். போர்டில் உங்கள் பெயரை எடுக்கவில்லை, புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

என் தம்பி எனக்குப் புது மெஷின் வாங்கித் தந்திருக்கிறான். காதுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொள்கிறது. ஒயர் இல்லை, பெட்டி இல்லை, சேலை உரசாது. அருமையான சாமான், உங்களுக்குக் காட்டக் கொடுத்துவைக்கவில்லை. ஒரே ஒரு குறை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் கடுகளவு. என் விரல்களோ இத்தனை காலம் சாக்பீஸ் பிடித்து மரத்தவை. திருப்பினால் ஒன்று அலறுகிறது, இல்லையென்றால் அடங்கிவிடுகிறது. காது மந்தமாகும் வயதில்தானே விரலும் மந்தமாகும்? இதைச் செய்தவர்கள் எந்த விரலைப் பார்த்துச் செய்தார்கள்?

அண்ணி அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "உன்னை மாதிரி ஒருத்தரைக் கூப்ட்டு குந்த வச்சி கேட்டா இன்னா கொறைஞ்சா போயிடுவானுங்க?" என்று திட்டிக்கொண்டே, சக்கரத்தில் ஒரு துளி பசை வைத்து ஒரு பாசிமணியை ஒட்டினார். இப்போது கண்ணை மூடிக்கொண்டே திருப்புகிறேன்.

ஆனால் எல்லா ஊரிலும் ஒரு செசிலி அண்ணி இருக்க மாட்டாரே. ஆகவே அந்தக் கம்பெனிக்கு நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன்: உங்கள் மெஷின் நன்றாக இருக்கிறது, அடுத்ததைச் செய்யும் முன் எங்கள் விரல்களையும் கேளுங்கள் என்று. பதிலுக்கு இன்னும் சிறிய மெஷினின் படம் போட்ட விளம்பரத் தாள் வந்தது. அண்ணியும் நானும் சிரித்த சிரிப்பில் பக்கத்து சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

நான் திரும்ப எழுதப்போகிறேன் அண்ணா. அதற்கும் விளம்பரம் வந்தால் இன்னொரு தடவை எழுதுவேன். ஒரே பாடத்தை, புரியும்வரை, கோபப்படாமல் நடத்துவதுதானே எனக்குத் தெரிந்த வேலை? அவர்களையும் கடைசி பெஞ்சு என்று நினைத்துக்கொள்கிறேன். அதற்கு நடுவே, கடை திறந்திருக்கும் மாலைகளில் உங்கள் ஸ்டூலில் நான்தான் உட்காருவேன். யாராவது மெஷினோடு வந்தால், அண்ணியின் தம்பி திருகுளியை எடுக்கும் முன் உங்கள் கேள்வியை நான் கேட்டுவிடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நாளைக்குக் கட்ட வேண்டிய சேலை கொடியில் காய்கிறது. மொடமொட என்று விறைத்து நிற்கிறது. உங்களுக்குக் கேட்கிறதா?

இப்படிக்கு,
கஞ்சியை விடாத உங்கள் தங்கச்சி,
எஸ்தர்