விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

பிப்ரவரி 24

பிஷ்கெக் நகரம் முழுக்கப் பனி உருகிச் சேறு. தையல் கூடத்தில் இன்று கூட வேலை செய்யும் குல்ஜாத் தேநீர் ஊற்றினாள். எல்லோருக்கும் மரியாதையாக அரைக் கிண்ணம், எனக்கு மட்டும் விளிம்பு வரை. 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று வாயால் சொல்ல முடியாதபோது எங்கள் ஊரில் அப்படித்தான் ஊற்றுவார்கள். நிதானமாகக் குடித்தேன். இன்னொரு கிண்ணம் கேட்டேன்.

பிப்ரவரி 25

காரணம் தெரிந்துவிட்டது. குல்ஜாத்தின் நாத்தனார் என்னை எய்ட்ஸ் மையத்தில் பார்த்தாளாம். அந்த மகராசி அங்கே எதற்குப் போனாள்? அதைக் கேட்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. இத்தனை வருடம் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றோமே, என்னால் யாருக்காவது ஒரு தும்மல் வந்ததா? மாத்திரையை விடாமல் போடுகிறேன், இரத்தத்தில் தேடினாலும் கிருமி அகப்படாது, யாருக்கும் தொற்றாது என்கிறார் டாக்டர். இதுகளிடம் சொல்லி என்ன? செவிடன் காதில் ஊதிய சங்கு.

பிப்ரவரி 27

முதலாளி எமில்பெக் கூப்பிட்டார். கதவருகிலேயே நின்றுகொண்டார், மூச்சைப் பிடித்தபடி.

"ஜில்திஸ், நான் ஒண்ணும் தப்பா நினைக்கலம்மா. இந்தப் பொம்பளைங்கதான் மெஷின்ல உட்கார மாட்டேங்குறாங்க. நீயா நின்னுட்டா கௌரவமா இருக்கும்."

"யாருக்குண்ணே கௌரவம்?"

நோயைச் சொல்லி என்னை நிறுத்தச் சட்டம் விடாது. அதனால்தான் இந்தத் தேன் தடவிய பேச்சு. வேலை போனால் நானும் மகளும் எதைத் தின்பது, இவர் கௌரவத்தையா?

போக மாட்டேன்.

மார்ச் 1

இப்போது என் கத்தரிக்கோலை யாரும் தொடுவதில்லை. நல்லது. முதல் தடவையாக அது வைத்த இடத்திலேயே இருக்கிறது.

மார்ச் 7

நாளை பெண்கள் தினம். எமில்பெக் ஒவ்வொருத்தி கையிலும் துலிப் பூ கொடுத்தார். என்னுடையதை மெஷின்மேல் போட்டுவிட்டு நகர்ந்தார், பிணத்துக்குப் போடுவதுபோல. வீட்டில் மகள் கேட்டாள், "யாரும்மா குடுத்தா?" "ஒரு கோழை" என்றேன். அப்புறம் அழுதேன். ச்சீ, இதுகளுக்காகவா?

மார்ச் 12

குல்ஜாத் கழிப்பறைவரை பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அக்கா... ரஷ்யாவுலேருந்து வந்ததிலேருந்து என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விடல. அவருக்கு இருக்காம், நேத்துதான் சொன்னாரு. நான் எங்க போய் டெஸ்ட் பண்ணிப் பாக்குறது?"

"உன் நாத்தனாரைக் கேளு. அவளுக்குத்தான் வாசல் தெரியுமே."

சொல்லும்போது இனிக்கத்தான் செய்தது. அவள் நகரவில்லை.

"சனிக்கிழமை வா, நான் கூட்டிட்டுப் போறேன். முக்காட்டுல மூஞ்ச மூடிக்கிட்டு வராதே, அப்பத்தான் எல்லாரும் பாப்பாங்க."

இரக்கமா? அதெல்லாம் இல்லை.

மார்ச் 14

அவளுக்கும் இருக்கிறது.

மார்ச் 24

எமில்பெக் கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"கடைசியா கேக்குறேன். ஜில்திஸ் இருந்தா யாரெல்லாம் வேலை செய்ய மாட்டீங்க? கை தூக்குங்க."

எல்லாத் தலையும் குல்ஜாத் பக்கம் திரும்பியது. இங்கே அவள் சொல்வதுதான் சட்டம். அவள் என்னைப் பார்த்தாள். என் நாக்கு நுனியில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. போட்டு உடைத்திருந்தால் இந்தக் கூட்டம் நொடியில் அவளை மென்று துப்பியிருக்கும். விழுங்கிவிட்டேன்.

அவள் குனிந்து ஊசியில் நூல் கோர்க்க ஆரம்பித்தாள். அவளே தூக்காதபோது மற்றவளுக்கு ஏது கை? எமில்பெக் இருமிவிட்டுப் போய்விட்டார். என் வேலை என்னிடமே இருக்கிறது.

அவளை நான் மன்னிக்கவில்லை. நாளை அவள் மாத்திரையைத் தொடங்குகிறாள். "வெறும் வயித்துல போடாதே, குமட்டும்" என்று மட்டும் சொன்னேன், மெஷின் சத்தத்தில்.