வரியின் கடைசி எண்

மார்ச் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். ட்ராமில் உட்கார இடம் கிடைத்தது. இன்றைய நல்ல செய்தி அதோடு முடிந்தது.

மூன்று மாதமாக எழுதிய விதிகளைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் யார் எந்தக் கணினியில் கடவுச்சொல் அடித்தாலும் அதைச் சரிபார்ப்பது ஒரே ஒரு சேவைதான். அது எந்தக் கோப்பையும் தொடலாம், எந்தக் கதவையும் திறக்கலாம். பிறந்ததிலிருந்து அப்படி. போன இலையுதிர் காலத்தில் கணினித் திருடன் அதன் வழியாகத்தான் வந்தான். உள்ளே வந்தவனுக்கு நோயாளிகளின் விவரம் முழுக்கத் திறந்து கிடந்தது. அப்புறம் மூன்று வாரம் மொத்த ஆஸ்பத்திரியும் காகிதத்தில் ஓடியது. குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் பிடித்துக்கொண்டு நர்சுகள் மாடி ஏறி இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதை இன்னொரு தடவை பார்க்க என்னிடம் தெம்பு இல்லை.

வாட்ச்மேனுக்கு கேட் சாவி போதும், பீரோ சாவி எதற்கு? நான் எழுதுகிற விதிகள் அவ்வளவுதான் சொல்கின்றன. இதைத் தொடலாம், மற்றதைத் தொடக்கூடாது. திருடன் அந்தச் சேவையையே கைப்பற்றினாலும் அதன் அறைக்குள்ளேயே சுற்ற வேண்டியதுதான்.

இதுவரை ‘வேடிக்கை’ நிலையில் ஓடுகிறது. பெயர் போஹுமில் வைத்தது. என் பக்கத்து மேஜை, பதினைந்து வருடமாக. வேடிக்கை நிலையில் விதி மீறினால் எழுதி வைக்கும், தடுக்காது.

மார்ச் 11, திங்கள்

வேடிக்கை முடிந்தது. இன்று மதியம் ‘தடுப்பு’க்கு மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வேலையில் பாராட்டு இப்படித்தான் வரும்.

மார்ச் 14, வியாழன்

குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் பிளாஜெனாவிடமிருந்து போன். மருந்துப் பெட்டி கடவுச்சொல்லை ஏற்கவில்லையாம். "மேடம், என் கைவிரல் இருபத்தாறு வருஷமா அதே விரல்தான். உங்க பெட்டிக்குத்தான் திடீர்னு கண்ணு தெரியல." ஒரு அனுமதி விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

மறுபடி அவள். மறுபடி ஓர் அனுமதி. இந்தத் தடவை விரல் ஜோக் இல்லை, வெறும் கோபம்.

ஷிமெக் கூப்பிட்டார். எங்கள் துறைத் தலைவர், கதவைச் சாத்தச் சொல்லாமல் பேசினால் நல்லது, சாத்தச் சொன்னால் வம்பு. சாத்தச் சொன்னார். "வார்டிலேருந்து இன்னொரு போன் வந்தா உங்க விதிகளைக் கழட்டிடலாம். டைரக்டர்கிட்ட என்னால தினம் தினம் பேச முடியாது." சரி, எஞ்சினியர் சார் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஏப்ரல் 5, வெள்ளி

போன் இல்லை.

ஏப்ரல் 20, சனி

ஏரிக்கரைக் குடில். ஈஸ்டர். எவ்ஜென் வில்லோக் கிளையைப் பின்னிச் சாட்டை செய்துகொண்டிருந்தான், ஊர் வழக்கப்படி ஈஸ்டர் திங்களன்று என்னை விளையாட்டாக விரட்டி அடிக்க. ஐம்பத்தோரு வயது, வெட்கமே இல்லை. நான் முட்டைக்கு வெங்காயத் தோலில் சாயம் ஏற்றினேன். போனை ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்தேன். "அதைக் கிணத்துல போடேன்" என்றான் என் கணவன்.

போன் அடிக்கவில்லை. இந்த வார இறுதி அவசர அழைப்புகளைக் கவனிப்பது போஹுமிலின் முறை.

ஏப்ரல் 23, செவ்வாய்

பதிவுகளைப் பார்த்தேன். மறுப்பு, மறுப்பு, மறுப்பு. சேவை தனக்கு வேண்டாத இடத்தை எட்டிப் பார்க்கிறது, விதி தடுக்கிறது. வரிசையாகப் பார்க்க மனதுக்கு இதமாக இருந்தது. பண்டிகை எப்படிப் போச்சு என்று போஹுமிலைக் கேட்டேன். "அமைதி" என்றான். அவனுக்கு என் குடிலிலிருந்து சாயமிட்ட முட்டை கொடுத்தேன். வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான்.

மே 2, வியாழன்

முதுகுவலி. மறுப்பு, மறுப்பு. எல்லாம் நலம்.

மே 10, வெள்ளி

பிளாஜெனாவின் பெயர்நாள், நாட்காட்டியில் அவள் பெயர் வருகிற நாள். அவளோடு சமாதானமாகப் போய்விடலாம் என்று துலிப் வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கு சாலட்டும் ஹாமும் வைத்த ரொட்டித் துண்டுகள் மேஜை நிறைய. ஒன்றை என் கையில் திணித்தாள்.

"உங்களைத் திட்டினதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க மேடம். அந்த ஈஸ்டர் சனிக்கிழமை உங்க ஆளு போஹுமில் மட்டும் இல்லன்னா நான் பெட்டியைச் சுத்தியலால உடைச்சிருப்பேன்."

எந்த ஈஸ்டர் சனி?

கீழே வந்து பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு வரியும் மறுப்பு என்றுதான் தொடங்குகிறது. வரியின் கடைசியில் ஓர் எண் இருக்கும். பூஜ்யம் என்றால் உண்மையாகவே தடுத்தது. ஒன்று என்றால் மறுப்பு என்று எழுதிவிட்டு உள்ளே போக விட்டது. ஏப்ரல் 20 வரை பூஜ்யம். அதற்கப்புறம் ஒன்று. ஒன்று. ஒன்று. இன்று காலை வரை ஒன்று.

மூணு வாரமா தினமும் இதைத்தானே படிச்சேன்? கண்ணு வரியோட முதல் வார்த்தையிலயே நின்னுடுச்சு. கதவு திறந்து கிடக்கு, நான் உட்கார்ந்து பூட்டைப் பார்த்து ரசிச்சுக்கிட்டிருக்கேன். எவனாவது வந்திருந்தா? வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்?

போஹுமில் மதியமே கிளம்பிவிட்டான். வெள்ளிக்கிழமை. இந்த ஊரில் வெள்ளி மதியத்துக்கு மேல் யாரைப் பிடிக்க முடியும்?

மே 13, திங்கள்

கேட்டேன். மறைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"நம்ம கட்டடத்துக்கும் அவங்க கட்டடத்துக்கும் நடுவுல கம்பி அறுந்துபோச்சு. பெட்டி திறக்கல. உள்ள ஒரு குழந்தைக்கு வலிப்பு மருந்து வேணும்னு அந்தப் பொம்பளை கத்துறா. ஓடிப்போய் அங்கேயே வேடிக்கைக்கு மாத்தினேன், திறந்துடுச்சு. நீயா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பே."

"செஞ்சிருப்பேன். அப்புறம் உன்கிட்ட சொல்லியிருப்பேன்."

"சொன்னா ஷிமெக்குக்குத் தெரியும். இன்னொரு போன்னா கழட்டிடுவேன்னு சொன்னாரில்ல? அதான் போன் வந்ததையே மறைச்சேன். பண்டிகை முடிஞ்சதும் சத்தமில்லாம பழையபடி மாத்திடலாம்னு நினைச்சேன். செவ்வாய்க்கிழமை நீ முட்டையோட சிரிச்சுக்கிட்டு வந்து நின்னே யார்மிலா. மாத்தினா மறுபடி கம்பி அறும்போது மறுபடி அதே கதைதானே? உன்கிட்ட சொல்லாம அதைச் சரிபண்ண எனக்குத் தெரியல. சொல்லவும் வாய் வரல."

என் பூட்டைக் காப்பாற்றத்தான் என் பூட்டைத் திறந்து போட்டிருக்கிறான். சாப்பாட்டுக்கு அவனோடு போகவில்லை.

மே 14, செவ்வாய்

காரணம் தெரிந்துவிட்டது. கம்பி அறுந்து, எங்கள் கட்டடத்தில் இருக்கும் தலைமைக் கணினியை எட்ட முடியாதபோது சேவை, தான் முன்பு சரிபார்த்து வைத்த கடவுச்சொற்களைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துப் பார்க்கும். வேடிக்கை பார்த்த மூன்று மாதத்தில் கம்பி ஒரு தடவைகூட அறுந்ததில்லை. அதனால் அது அந்தப் பக்கம் போனதேயில்லை. போகாத இடத்துக்கு நான் அனுமதி எழுதவில்லை. நல்ல நாளில் மட்டும் ஆளைப் பார்த்துவிட்டு எழுதிய விதி.

எல்லா மறுப்பையும் ஒரே அடியில் அனுமதியாக மாற்றித் தருகிற கருவி ஒன்று இருக்கிறது. களைப்பாக இருக்கும்போது அதைவிட இனிப்பான பொருள் உலகத்தில் இல்லை. கை போனது. அதைச் செய்தால் பூட்டு எதற்கு? ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தேவையானது ஒரே ஒரு அனுமதி. மற்றதெல்லாம் அந்தச் சேவையின் எட்டிப் பார்க்கிற புத்தி. கொடுக்கவில்லை.

மே 16, வியாழன்

ஷிமெக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போஹுமிலும் கூட வந்தான், கூப்பிடாமலே. ஷிமெக் பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"இப்போ திறந்து கிடக்கா?"

"ஆமா."

"யாரும் கத்தலையே. அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே."

"போன வருஷமும் யாரும் கத்தல எஞ்சினியர் சார், அவன் வர்ற வரைக்கும்."

ஒரு காலைப்பொழுது மட்டும் கேட்டேன். பூட்டை மூடிவிட்டு, நாங்களே கம்பியைப் பிடுங்கிப் பார்க்கிறோம், பெட்டி திறக்கிறதா என்று. "ஆஸ்பத்திரியில வேணும்னே கம்பியைப் பிடுங்குறதா?" என்று போஹுமிலைப் பார்த்தார். போஹுமில், "தானா அறும்போது நமக்குச் சொல்லிட்டா அறுது?" என்றான். ரொம்ப நாளுக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிளாஜெனா ஒத்துக்கொண்டால் சரியாம். பெட்டி திறக்காவிட்டால் அன்றே கழற்றிவிட வேண்டும். திறந்தாலும் பழைய நிபந்தனை அப்படியே, ஒரு போன் வந்தால் முடிந்தது.

மே 20, திங்கள்

பிளாஜெனா ஒத்துக்கொண்டாள். "காலை மருந்தெல்லாம் கொடுத்து முடிச்சப்புறம் வாங்க. அவசரத்துக்கு வேண்டியதை முன்னாடியே வெளிய எடுத்து வச்சுப்பேன். திறக்கலன்னா உங்க ரெண்டு பேர் காதையும் திருகுவேன், பெரியவங்கன்னு பார்க்க மாட்டேன்."

மே 23, வியாழன்

பூட்டை மூடினேன். நிலையைப் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன், போஹுமிலையும் பார்க்கச் சொன்னேன். இனி என் கண்ணை நான் தனியாக நம்புவதில்லை.

அவன் கீழே நின்று கம்பியைப் பிடுங்கினான். பேத்ரோவ் கோயில், எங்கள் ஊரின் பழைய வழக்கப்படி, பதினொரு மணிக்கே மதிய மணியை அடிக்க ஆரம்பித்தது. பிளாஜெனா கடவுச்சொல் அடித்தாள். பெட்டி சிவப்பு காட்டியது.

ஷிமெக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது, குடிலுக்குப் போய் உருளைக்கிழங்கு போடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

"இருங்க" என்றாள் பிளாஜெனா. "எல்லாரும் என் கையையே பார்த்தா நான் எப்படி அடிப்பேன்? திரும்பி நில்லுங்க."

துறைத் தலைவர் உட்பட எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். பின்னால் சொடுக்கென்று ஒரு சத்தம். திறந்துவிட்டது. இன்னொரு நர்சையும் அடிக்க வைத்தாள். அதற்கும் திறந்தது.

மாலையில் போஹுமிலோடு பீர் குடிக்கப் போனேன். ஈஸ்டரைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவனை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. அதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 1, சனி

போனை எதிரில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஜூன் 15, சனி

குடில். ஸ்ட்ராபெர்ரி இரண்டு கிண்ணம் பறித்தேன். போனை ஜன்னலில் வைத்திருந்தேன். நாள் முழுக்க அடிக்கவில்லை. செத்துப்போய்விட்டதோ என்று எவ்ஜெனை என் போனுக்கு அடிக்கச் சொன்னேன். தோட்டத்தில் நின்று அடித்தான். எடுத்தேன். "ஹலோ, குழந்தைகள் வார்டிலேருந்து பேசறேன்" என்றான் கீச்சுக்குரலில். ஸ்ட்ராபெர்ரியால் அடித்தேன்.

ஜூன் 17, திங்கள்

உள்ளே நுழைந்ததும் போஹுமில், "சனிக்கிழமை கம்பி அறுந்துபோச்சு" என்றான். தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவன் வெட்டிவிட்டானாம். காலையில் அறுந்தது, மதியத்துக்கு மேல்தான் ஒட்டவைத்தார்களாம். அந்த வார இறுதியும் அவன் முறைதான்.

கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "போன் வந்துச்சா?"

"வரல."

"போஹுமில். வரலையா, வந்து சொல்லலையா?"

அவன் கோபப்படவில்லை. திரையை என் பக்கம் திருப்பினான். சனிக்கிழமையின் வரிகள். சேவை வழக்கம்போல் வேண்டாத இடத்தில் எட்டிப் பார்த்திருக்கிறது. விரலை ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வைத்துக் காட்டிக்கொண்டே வந்தான். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். நானும் அவன் விரலோடு கடைசி வரை போனேன்.

அப்போதும் ஆறவில்லை. வார்டுக்கு போன் போட்டு, சனிக்கிழமை உங்கள் டூட்டியில் மருந்துப் பெட்டி எப்படி இருந்தது, அந்தக் கம்பி அறுந்த நேரத்தில், என்று கேட்டேன்.

"என்ன கம்பி?" என்றாள் பிளாஜெனா. "எனக்கு வேலை கிடக்கு மேடம், வைக்கட்டுமா?"