துடைக்காத கட்டம்

தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். கடைப் பலகைகளைப் பார்த்துக் கற்ற எழுத்துக்கு இதுவே அதிகம்.

போன மாதம் எழுதியிருந்தாய். உன் வீட்டுக்காரருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, முழுதும் போவதற்குள் தான் செய்த வெண்கலக் கதவை ஒருமுறை பார்க்க ஆசைப்படுகிறார், வரலாமா என்று. நான் பதில் போடவில்லை. போடக்கூடாது என்றுதான் இருந்தேன்.

இந்த வணிக மாளிகைக்குக் காவல் நிற்பதும் அந்தக் கதவைத் துடைப்பதும் என் வேலை. மூட்டை தூக்குகிறவன், தராசு பிடிக்கிறவன், படகோட்டி என்று கட்டம் கட்டமாக உருவங்கள். எல்லாவற்றையும் பளபளவென்று வைத்திருக்கிறேன், உன் கட்டத்தைத் தவிர. மழையில் நீ கூடையோடு நடக்கிறாய். ஒருவன் உனக்குக் குடை பிடிக்கிறான். கதவு மாட்டிய அன்று தெருவின் எதிர்ச் சாரியில் நின்று பார்த்ததோடு சரி. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன்னைக் கட்டிக்கொண்ட சிற்பி, ஊர் சிரிக்கட்டும் என்று தன்னையும் உன்னோடு சேர்த்து வார்த்து, நான் நிற்கும் வாசலிலேயே மாட்டிவிட்டான் என்று நினைத்தேன். அதில் என் துணி படவில்லை. புகையும் தூசும் ஏறிக் கறுத்தது. லிஃப்ட்காரர்கூட, “என்னண்ணே, எல்லாருக்கும் குளியல், தங்கச்சிக்கு மட்டும் கிடையாதா?” என்பார். உன் வேலையைப் பார் என்பேன்.

இப்போது கதவைச் சீர்செய்ய இரண்டு பெண்கள் வந்திருக்கிறார்கள். இன்று காலை அந்தக் கறுப்பை எடுத்தார்கள். ஒருத்தி குடைக்காரனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அவனைப் பார்த்தாள். “தாத்தா, இது நீங்கதானே?” என்றாள். வாயை மூடு என்று சொல்லத்தான் கிட்டே போனேன். குடைக்காரனுக்கு இடது காதின் நுனி இல்லை. சின்ன வயதில் உன்னைத் துரத்திய நாய்க்கு நான் கொடுத்த நுனி.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். லிஃப்ட்காரர் கொடுத்த தண்ணீர் வாய்க்குள் போகாமல் சட்டையில் போயிற்று. இத்தனை வருடமாக நான் முகம் கொடுக்காமல் நின்றது எனக்கேவா?

தப்பு என்னுடையது என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. நீ சொல்லியிருக்கலாம். வாயில் என்ன பூட்டா? முன்பு வந்த கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பினேன் என்றால், சொல்லியனுப்ப ஆளா கிடைக்கவில்லை?

இன்னொன்றும் அந்தப் பெண்கள் சொன்னார்கள். நான் தேய்த்த தேய்ப்பில் மற்ற உருவங்களெல்லாம் மழுங்கிவிட்டனவாம். படகோட்டிக்கு மூக்கே இல்லை. நம் கட்டத்தில் மட்டும் உன் கண்ணிமை, குடைக்கம்பி, என் காது எல்லாம் வார்த்த அன்று இருந்தபடியே இருக்கின்றன.

ஆகவே அலறியடித்துக்கொண்டு ரயிலேற வேண்டாம். நிதானமாக வாருங்கள். கண் தெரியாவிட்டால் என்ன, கையால் தடவிப் பார்க்கட்டும். வாசற்படி வழுக்கும், நான் பிடித்துக்கொள்கிறேன். மழை வந்தாலும் என்னிடம் குடை இருக்கிறது.

நான் சொன்னதாகவே மாப்பிள்ளையிடம் சொல். இருவரும் நன்றாக இருங்கள்.

உன் அண்ணன்