மூலையில் மிஞ்சிய இரண்டு கட்டங்கள்

மில்பிடாஸ்
அக்டோபர் 9

அன்புள்ள சண்முகப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தம்பி சபரி வீட்டில் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்கக் கை வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன்.

நீ போனில் அனுப்பிய படம் கிடைத்தது கண்ணு. வெடித்துப்போன மைன்ஸ்வீப்பர் ஆட்டம், கீழே ‘எங்க தப்புப் பண்ணேன், பாத்துச் சொல்லுங்கப்பா’ என்று ஒரே வரி. வயிற்றிலிருந்த குழந்தை ஐந்தாம் மாதத்தில் போனதிலிருந்து நீ என்னிடம் கேட்டது இது ஒன்றுதான், அதனால் அவசரப்பட்டுப் பதில் சொல்லப் பயமாக இருந்தது. ஆட்டத்தை நான் புரிந்துகொண்டதே தப்பென்றால் மற்றதும் தப்பாகிவிடும், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டத்தைத் திறந்தால் வரும் எண், அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் எத்தனை குண்டு என்று சொல்கிறது. ஒன்று என்று வந்து, சுற்றிலும் திறக்காத கட்டம் ஒன்றே இருந்தால் அதில்தான் குண்டு, அங்கே கொடி வைக்க வேண்டும், திறந்தால் வெடித்துவிடும். எண்ணுக்குச் சரியாகக் கொடி விழுந்துவிட்டால் மீதியைத் தைரியமாகத் திறக்கலாம். சரிதானே?

உன் ஆட்டத்தைக் காகிதத்தில் கட்டம் போட்டு வரைந்து, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். பொண்ணு அங்க கெடந்து அழுவுறா, நீங்க கட்டம் போட்டுட்டு உக்காந்திருக்கீங்களே என்று அம்மா திட்டினாள். நீ வைத்த கொடிகள் எல்லாம் சரி. கடைசியில் மூலையில் இரண்டு கட்டங்கள், குண்டு ஒன்று. மேலே இருக்கும் இரண்டு எண்களும் அந்த இரண்டையும் சேர்த்தே தொடுகின்றன, பக்கத்தில் இருப்பதெல்லாம் கொடி. எதில் குண்டு என்று சொல்ல அங்கே எதுவுமே இல்லை, ஊகித்துத்தான் திறக்க வேண்டும். என் கணக்கில் நம்பிக்கை இல்லாமல் சபரியிடம் காட்டினேன். இது கெஸ்தாம்ப்பா, யார் ஆடினாலும் இவ்வளவுதான் என்று காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டான், எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நீ தப்பே பண்ணவில்லை கண்ணு.

அந்த வாரம் ஆபீஸ் வேலையாக டல்லாஸ் போயிருக்கக் கூடாது, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று அம்மாவிடம் சொல்லி அழுதாயாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரே சொல்லியும் நீ கேட்கவில்லையாம். எனக்கு இதையெல்லாம் பேசத் தெரியாது, உன் குரல் கேட்டதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். நீ ஆட்டத்தைத்தான் கேட்டாயா, வேறு எதையாவது கேட்டாயா, அதுவும் எனக்குத் தெரியவில்லை. எதைக் கேட்டிருந்தாலும் என் பதில் அதுதான்.

யாரும் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். நீ சொன்னதை நான் மீறியதில்லை, இந்த முறை சபரியிடம் சொல்லி டிக்கெட் போட்டுவிட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை நெவார்க்கில் இறங்கி, டாக்ஸி பிடித்து ஈஸ்ட் பிரன்ஸ்விக் வந்துவிடுவோம். அம்மா எதுவும் கேட்க மாட்டாள், சொல்லிவைத்திருக்கிறேன். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் கதவைத் திறக்காதே, பக்கத்தில் ஒரு ஓட்டலில் தங்கிக்கொள்கிறோம். அம்மா சமைத்து வாசலில் வைத்துவிட்டு வர வழி இருக்கிறதா என்று மட்டும் மாப்பிள்ளையை விசாரித்து வைக்கச் சொல்.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
வெங்கடாசலம்